இமைப்பொழுதின் இடைவெளி

இலக்கணம் கற்பிக்கும் நாம் கணினியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், கடல் கடந்து உழைக்கும் மகன் அனுப்பிய பணம் பற்றிய செய்தியும், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறும் இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கைத்தொலைபேசியிலேயே வந்து சேர்கின்றன. அக்கருவியின் பலவீனம் நம் மக்களின் பலவீனமாகும்.

அப்பலவீனங்களுள் ஒன்று, இரு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதனாற் பிறப்பது. சங்கக்கடையில் இரண்டு மேசைகள் இருப்பதாகக் கொள்வோம். குடும்பத்துக்கு ஒரு பை அரிசி. ஒரே குடும்பத்தார் இருவர் இரு மேசைகளிலும் ஒரே கணத்திற் கேட்கின்றனர். இரு எழுதுவினைஞரும் பேரேட்டைப் பார்க்கின்றனர். ‘கொடுபடவில்லை’ என்றே இருக்கிறது. இருவரும் கொடுத்த பின்னரே பதிகின்றனர். பேரேடு பொய் சொல்லவில்லை. பார்த்தலுக்கும் பதிதலுக்கும் இடைப்பட்ட இமைப்பொழுதே பிழைக்கு இடம் கொடுத்தது.

2019இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா என்னும் ஆய்வாளர் இன்ஸ்டாகிராமில் இத்தகைய பிழையைக் கண்டார். கடவுச்சொல்லை மறந்தோருக்கு அனுப்பப்படும் ஆறிலக்க எண் 10 நிமிடமே செல்லும். பலமுறை முயல்வோரைத் தடுக்கக் காவலும் உண்டு. அவரோ 1,000 இணைய முகவரிகளிலிருந்து ஏறத்தாழ ஒரே வேளையில் 2 இலட்சம் எண்களை அனுப்பினார். காவல் எண்ணி முடிக்குமுன் அவை கடந்தன. அதனை அவர் கள்வருக்கு விற்கவில்லை, நிறுவனத்துக்கே அறிவித்தார். பேஸ்புக் 30,000 டொலர் பரிசளித்தது.

இணைய உலாவிகளும் இதற்கு விலக்கல்ல. 2020 ஏப்ரலில் ஃபயர்பொக்ஸ் உலாவியில் இவ்வகைப் பிழைகள் இரண்டு வெளிப்பட்டன. ஒரு வேலை கைவிட்ட நினைவகத்தை இன்னொரு வேலை தனதென்றெண்ணி ஆள முற்பட்டது. கைமாறிய காணியிற் பழைய உறுதியோடு ஒருவன் உழச் செல்வதற்கு இது ஒப்பாகும். இடையில் அந்நியன் அங்கே எதைப் புதைத்தான் என்பதை அவன் அறியான். மொசில்லா 74.0.1 என்னும் திருத்தப் பதிப்பை வெளியிடுமுன்பே அப்பிழைகள் வழியாகத் தாக்குதல்கள் நடந்துவிட்டன.

“திருத்தம் வந்திட்டுதே, இனிப் பயமில்லைத்தானே, சேர்?” என்று மாணவி ஒருத்தி எம்மைக் கேட்டாள். நமது கவலை அங்கேதான் தொடங்குகிறது. திருத்தம் பிறக்கும் நாளுக்கும் அது ஏழையின் கருவியை அடையும் நாளுக்கும் இடையே இன்னோர் இடைவெளி உண்டு. பழைய கருவிகளுக்கு உற்பத்தியாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடுகின்றனர். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் தாய் புதுப்பித்தலைப் பிற்போடுகிறாள். திருத்தம் வெளியானதும் பிழை எங்கிருந்ததென்பதைக் கள்வனும் கற்றுக்கொள்கிறான். பணமுள்ளவனின் கதவு பூட்டப்படும்போது, இல்லாதவனின் கதவிலுள்ள பழுது ஊரறிந்ததாகிறது.

இது விதியன்று, மாற்றத்தக்கது. திறன்பேசிகளின் திருத்தங்கள் விற்பனை முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் கிடைக்கவேண்டுமென்னும் விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அங்கு நியாயமானது இங்கு ஆடம்பரமாகுமா? அதனை நம் நாட்டிலும் கோருவோம். அதுவரை, இணைய வசதியுள்ள பாடசாலைகளிலே பெற்றோரின் கைத்தொலைபேசிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் பணியை மாணாக்கர் மேற்கொள்ளட்டும். பிழையைக் கண்டறியும் கல்வியையும் அவர்கட்கு வழங்குவோம்.