செயலிக்குத் தெரியாத அரைப்பேர்



"சேர், வினாத்தாள் அடிக்க எந்த அப் நல்லது?", "பிள்ளைக்குப் படிக்க போனில் எதைப் போட்டுக் கொடுக்கலாம்?" என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். புதிதாக எது வந்தாலும் இறக்கிப் பார்க்கும் பழக்கம் எமக்கு. 2020இல் கொரோனாவால் பாடசாலை மூடப்பட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பிய நாட்களில் தொற்றிய பழக்கம் இது. நாம் பாவித்துப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறோம். கடைசியில் நாம் பட்ட வெட்கம் ஒன்றும் இருக்கிறது. அதையும் வாசியுங்கள்.

முதலில் பாமினி. எமது பழைய வினாத்தாள்கள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினி செய்வது இதுதான்: ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைக்கிறது. எமது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது இன்னும் ஆங்கிலம். அதனால்தான் அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றன. யுனிகோட்டில் தமிழுக்கென்றே தனி இலக்கங்கள் உண்டு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும், தேடவும் முடியும். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் தளங்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஐந்து வருட வினாத்தாள்களை ஒரே சனிக்கிழமையில் மாற்றி முடித்தோம். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. கூகுள் ட்ரான்ஸ்லேட்டுக்குத் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் வந்தன. சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தைக் கமராவில் காட்டினால் விஷயம் என்னவென்று பிடிபடும். ஆனால் திகதி, மருந்தின் அளவு, பணத்தொகை உள்ள கடிதம் என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம்.

கையால் தட்டச்சு செய்யச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் தட்டச்சு. கூகுளில் தமிழுக்கு இது 2017இல் வந்தது. மொழிப் பட்டியலில் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா போலவே "இலங்கை" என்றும் தமிழ் தனியாக இருக்கிறது. அதைத் தெரிவு செய்துகொள்ளுங்கள்.

அண்மையில் எமக்கு ஆகப் பிடித்தது நோட்புக் எல்.எம். பாடநூலின் பி.டி.எப். கோப்பை அதற்குள் போட்டுக் கேள்வி கேட்டால், அந்த நூலை வைத்தே பதில் சொல்லி, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் உண்டு. டேட்டாவுக்குச் செலவழிக்கும் காசை இவற்றுக்குச் செலவழிக்கலாம்.

இனி அந்த வெட்கம்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு அதுபோலப் பல செயலிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றைக் கட்டுரை திருத்துவதற்குப் பாவிக்கத் தொடங்கினோம். பெயர் வேண்டாம், பிழை எம்முடையது. தரம் 7இல் முப்பத்தெட்டுக் கொப்பிகள். போட்டோ எடுத்துப் போட்டால் எழுத்துப்பிழை, வசனப்பிழை எல்லாம் திருத்தித் தருகிறது. இரண்டு இரவு வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. "மாஷா அல்லாஹ், இது இத்தனை நாள் எங்கே இருந்தது?" என்று சந்தோஷப்பட்டோம்.

"மழைநாள்" என்ற தலைப்பில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "மழை பெஞ்சதால கொழுந்து கொறஞ்சு போச்சு. அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க."

செயலி திருத்தித் தந்தது: "மழை பெய்ததால் கொழுந்து குறைந்துவிட்டது. அம்மாவுக்குப் பாதிப் பெயர்தான் வைத்தார்கள்."

அதை அப்படியே சிவப்பு மையில் எழுதி, "வசனம் தெளிவில்லை" என்று குறிப்பும் போட்டு, இரண்டு புள்ளியும் குறைத்தோம்.

பெற்றார் கூட்டத்துக்கு அந்தத் தாய் கொப்பியோடு வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்: "சேர், எனக்குப் பாதிப் பேரு வச்சது யாரு?" மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாம் விளங்காமல் நின்றதைப் பார்த்து அவரே சொன்னார்: "கிலோ நெறயலன்னா அரைப்பேர்தானே சேர் விழும். புள்ள சரியாத்தானே எழுதியிருக்கு?"

கந்தப்பளையில் இருக்கும் எமக்கு இந்தச் சொல் தெரியாததல்ல. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், அரைப்பேர் என்றால் அதில் பாதி. கடைத்தெருவில் எத்தனையோ தரம் கேட்ட சொல். அந்தக் கொப்பியை நாமே வாசித்திருந்தால் தடுமாறியிருக்க மாட்டோம். செயலி அச்சுப்போல அழகாகத் தந்ததும், எமது காதை நாமே மூடிக்கொண்டோம்.

இந்தச் செயலிகள் இணையத்தில் எழுதிக் கிடப்பவற்றிலிருந்தே தமிழைப் படித்திருக்கின்றன. மலையகத்தின் பேச்சு அங்கே மிகக் குறைவு. தெரியாத சொல் வந்தால் "தெரியவில்லை" என்று நிற்காமல், தனக்குப் பழக்கமான சொல்லாக மாற்றிவிடுகிறது. அதுவும் துளி சந்தேகமும் காட்டாமல்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த மாணவியின் அடுத்த கட்டுரையை எடுத்துப் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. வானவில் இருந்தது, பறவைகள் இருந்தன. அம்மா இல்லை, கொழுந்து இல்லை. எமது சிவப்பு மையைப் பார்த்து, வீட்டில் நடப்பதை எழுதக்கூடாது என்று பிள்ளை முடிவெடுத்துவிட்டாள். இரண்டு புள்ளியைத் திருப்பிக் கொடுப்பது லேசு. இதைத் திருத்துவதுதான் கஷ்டம்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, "பிழை எம்முடையது" என்று சொன்னோம். கொப்பியிலும் எழுதிக் கையொப்பம் இட்டோம். "பெஞ்சது" என்பதைப் "பெய்தது" என்று எழுதப் பழக்குவது எமது கடமை. "அரைப்பேர்" பிழையல்ல, அதற்குப் பதிலாக வேறு சொல்லும் இல்லை. பிறகு பிள்ளைகளிடம் வீட்டுச் சொற்களைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினோம். பேர், பிரட்டு, கவ்வாத்து, லயம், கணக்கப்பிள்ளை என்று ஒரே பாடவேளையில் இருபத்திரண்டு சொற்கள். அந்த மாணவி கடைசி வாங்கில் இருந்தபடி இரண்டு சொல் சொன்னாள்.

செயலிகளை விட்டுவிட்டோமா? இல்லை. வினாத்தாளுக்கும் பாடக்குறிப்புக்கும் இன்னும் பாவிக்கிறோம். ஆனால் பிள்ளையின் கட்டுரையை முதலில் நாமே வாசிக்கிறோம். இரண்டு இரவு போனாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் பெயர், போட்டோ, வீட்டு விவரம் எதையும் உள்ளே போடுவதும் இல்லை. ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், பெற்றார் எல்லோரிடமும் நாம் கேட்பது இதுதான்.

இன்னுமொரு உதவி. உங்கள் தோட்டத்தில், உங்கள் வீட்டில் புழங்கும் சொல் ஒன்றை அதன் அர்த்தத்தோடு கீழே எழுதுங்கள். பாமினியில் வேண்டாம், யுனிகோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாத உம்மா, அம்மா, தாத்தா, பாட்டி சொன்னால் குரல் பதிவாக அனுப்புங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம். தரம் 7 பிள்ளைகள் அதை ஒரு கொப்பியில் சேர்க்கிறார்கள். இப்போதைக்கு முதல் பக்கம் நிறைந்திருக்கிறது.