சுற்றாத பக்கம்

ஏப்ரல் 6, திங்கள்

மின்விசிறிக்கும் சிறு பம்புக்கும் மோட்டார் செய்கிறவர்கள் ஒவ்வொரு வாட்டுக்கும் மல்லுக்கட்டுகிற காலம் இது. தரமணியில் எங்கள் ஆய்வக மேசையில் இரண்டு 608 பேரிங்குகள் கிடக்கின்றன: 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம். ஒன்றுக்கு ரப்பர் சீல், மற்றதற்குத் தகர மூடி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் 5 மில்லி நியூட்டன் மீட்டர் உராய்வு ஒன்றரை வாட்டைத் தின்றுவிடும். 20 வாட் மோட்டாருக்கு அது பெரிய நஷ்டம்.

இந்த இரண்டின் உராய்வையும் அளக்க வேண்டும். ஆனால் கையிலிருக்கும் டார்க் (திருப்புவிசை) சென்சார் 10 நியூட்டன் மீட்டருக்கானது. அரை சதவீதப் பிழை என்றாலே 50 மில்லி போய்விடும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

"மோட்டார் இழுக்கிற கரண்ட்டை அளந்தா போதாதா சார்?" என்றாள் மாணவி. நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கரண்ட்டில் இரும்பு இழப்பு, மோட்டாரின் சொந்த பேரிங், காற்றுத்தடை எல்லாம் கலந்து கிடக்கும். சூடேற ஏற அவையும் மாறும்.

சுற்றுகிற தண்டை விட்டுவிட்டுச் சுற்றாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். தண்டு உள்வளையத்தைச் சுழற்றினால் வெளிவளையமும் கூடவே சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த எவ்வளவு திருப்புவிசை வேண்டுமோ அதுதான் உராய்வு. 1821-இல் பிரான்சில் ப்ரோனி செய்த பிரேக்கும் இந்த வழிதான்: தண்டைக் கவ்விய கட்டையை நெம்புகோலும் எடையும் அசையவிடாமல் நிறுத்தும்.

ஏப்ரல் 9, வியாழன்

வெளிவளையத்தை அலுமினியக் கூட்டில் அழுத்திப் பொருத்தினோம். இருபுறமும் 10 செ.மீ. கை. ஒரு கை நுனியிலிருந்து தூண்டில் நரம்பு செங்குத்தாக இறங்கி, தராசுத் தட்டிலுள்ள 200 கிராம் எடையில் முடிகிறது. நரம்பு தொய்யாதிருக்க எதிர்க்கையில் 10 கிராம் நட்டு. தராசு, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, 0.01 கிராம் காட்டும் அந்த வகை. ஒரு கிராம் மாறினால் ஏறக்குறைய 1 மில்லி நியூட்டன் மீட்டர். மனக்கணக்கிலேயே முடிவதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஃபேனை நிறுத்தினால்தான் தராசு நிற்கிறது. வியர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். ஒரு திசையில் ஓட்டி அளவெடுத்து, எதிர்த்திசையிலும் ஓட்டினோம். இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் உராய்வு. நட்டின் எடை, கைகளின் ஏற்றத்தாழ்வு எல்லாம் தானே கழிந்துவிடும். தகர மூடி போட்டது ஒரு கிராமைத் தொடவில்லை. ரப்பர் சீல் நாலில் தொடங்கி, கிரீஸ் ஒதுங்கிச் சூடேறியதும் மூன்றில் வந்து நின்றது. அந்த இறக்கத்தை அவள் கண்கொட்டாமல் எழுதிக்கொண்டாள். ஓட்டிய உடனே எடுத்த ஒற்றை அளவைப் பட்டியலில் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு.

இப்போது பேரிங்கின்மேல் இருப்பது கூடு, கைகள், நட்டு, நரம்பின் இழுப்பு மட்டும்தான். அடுத்து, பெல்ட் இழுக்கிற அளவுக்குப் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.