பழைய குசினி

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி சென்ற மாசி மாதத்தில் ஒருநாட் காலை ஓய்ந்துவிட்டது. 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டதற்கு மறு ஆண்டு கொழும்பிலிருந்து லொறியில் வந்த பெட்டி அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பொறியொன்று ஓய்வதில் வியப்பில்லை. திருத்துபவர் பின்புறத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கொம்பிரசர் போய்விட்டது, இனிச் செலவழிப்பதில் பயனில்லை என்று கூறிச் சென்றார். அன்றே கடதாசியும் பேனையுமாகக் குசினிக்குள் நுழைந்தேன். மாற்றவேண்டியவை வேறு எவையெனப் பட்டியல் போடுவது என் நோக்கம்.

கிரைண்டர் ஐந்து மாதங்களுக்கு முன்பே பழுதாகிவிட்டதென்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

“ஏனம்மா சொல்லேல்லை?”

“அம்மி கிடக்குதுதானே, மோனை. உனக்கு உள்ள செலவு காணாதே?”

ஐந்து மாதங்களாக நான் உண்ட சம்பலும் குழம்பும் அறுபத்தெட்டு வயதுக் கைகள் அம்மியில் அரைத்துத் தந்தவை. அதனை நான் அறியவில்லை. குளிர்சாதனப் பெட்டி நின்றதும் எனக்குக் குளிர்ந்த தண்ணீர் இல்லாமற் போயிற்று. ஆகையால் அதனை மட்டும் உடனே அறிந்தேன். ஏங்கெல்ஸ் 1884 இல் எழுதிய ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலைப் பல்கலைக்கழக விடுதியில் இரவிரவாகப் படித்து விவாதித்தவன் நான். வீட்டில் பெண் செய்யும் கூலியற்ற உழைப்பைப்பற்றி உயர்தர வகுப்பு மாணவருக்கு நான் பேசாத தவணை இல்லை.

அம்மா அம்மியை நம்புவதற்குத் தக்க காரணம் உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மின்சாரம் அறுந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் மருந்துபோல் அருமையாயிற்று. நான் எழுத்துக் கற்றது ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கின் முன்னால். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கிய இரவுக்குப்பின், அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது, வீட்டில் கதவுகளும் பாத்திரபண்டங்களும் போயிருந்தன. அம்மியும் உரலும் மட்டும் கிடந்தன. தூக்கமுடியாத பாரமே அவற்றைக் காத்தது. பின்னர் 2021 இன் இறுதியில் எரிவாயு அடுப்புகள் நாடெங்கும் வெடித்தபோதும், 2022 இல் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 4,860 ரூபாவாகி, அந்த விலைக்கும் சிலிண்டர் கிடையாத நாட்களிலும், எங்கள் உலை விறகடுப்பிலேயே கொதித்தது. பொறிகள் இத்தனை முறை கைவிட்ட ஒருவர் கல்லை எறிய மறுப்பதைப் பழைமைப்பற்று என்று நான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தது தவறு.

ஆயினும் அம்மியின் புகழ் பாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மிச் சம்பலின் சுவையை எழுதுவோருள் அம்மி அரைத்தவர் எத்தனை பேர்? கனடாவிலிருந்து அண்ணன் தொலைபேசியில், “எல்லாத்தையும் ஒரேயடியா மாத்து. அம்மியை மட்டும் எறிஞ்சுபோடாதை” என்றார். அவருடைய வீட்டில் அம்மி இல்லை.

ஒரேயடியாக மாற்றுவதென்பது எளிதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா; அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா. இறக்குமதிப் பொறிகளின் விலை ஏறிய வேகத்தில் ஆசிரியரின் சம்பளம் ஏறவில்லை. குளிர்சாதனப் பெட்டியை மாதத் தவணைக்கும் கிரைண்டரைக் கைக்காசுக்கும் வாங்கினேன். சோறு ஆக்கும் குக்கரின் சட்டியில் பூச்சு உரிந்திருந்தது. அதற்குச் சட்டியை மட்டும் மாற்றினோம்.

பொறிகள் வந்தபின் வேறொரு சிக்கல் தோன்றியது. வீடு அம்மாவின் சீதன வீடு. 1961 இல் பாட்டனார் கட்டியது. குசினிச் சுவரிலிருந்த பிளக்குகள் பழைய உருண்டைமுனைப் பிளக்குகள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இந்நாட்டுக்கு நியமமாக வகுத்திருப்பதோ 13 அம்பியர் சதுரமுனை. இடையில் ஒரு அடப்டரைச் செருகிச் சமாளிக்கலாமென்றேன். மின்வேலைக்கு வந்த இளைஞர் எங்கள் பாடசாலையிற் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றவர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“ஈரத் தரையிலை நிண்டு வேலை செய்யிறது அம்மாதானே, சேர். ஏர்த் இல்லாமல் நான் கொழுவமாட்டன்.”

பொறியின் உலோக உடலுக்கு மின் கசிந்தால் அதனை நிலத்துக்கு இறக்கிவிடுவது ஏர்த் கம்பி. அது எங்கள் குசினிக்கு இழுக்கப்பட்டிருக்கவேயில்லை. ட்ரிப் சுவிச்சும் இல்லை. இத்தனை ஆண்டுகளும் அம்மா அங்கேதான் நின்றார்.

இரண்டு நாள் வேலை. முதல்நாள் நண்பகலில் அம்மா தேநீர் கொண்டுவந்தார். “இப்பதான் குடிச்சனான், அம்மா” என்று கூறி அவர் தம் போத்தலிலிருந்த தண்ணீரைக் குடித்தார். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று அம்மா விசாரித்தார். அவர் சொன்னார். அம்மா அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு அம்மா எனக்குக் கூறியது இது. அவருக்குப் பத்து வயதாயிருந்தபோது, அந்த இளைஞரின் அம்மம்மா எங்கள் வீட்டுக்கு மா இடிக்க வருவார். உரல் குசினிக்கு வெளியே பத்திக்குள் கிடக்கும். ஊறவைத்த அரிசியைச் சுளகில் வைத்துக் கொடுப்பார்கள். அவர் இடித்து அரித்த மா உள்ளே வந்து புட்டாகும். அவர் உள்ளே வரமுடியாது. தேநீர் சிரட்டையில். மிளகாய்த்தூள் இடிக்கும் நாட்களில் தும்மியபடியே மாலைவரை நிற்பார். கூலி கொஞ்சம் அரிசியும் குறுணியும். அது 1967. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்துவிட்டது. தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்டுப் போய் ஓராண்டாகியிருந்தது. தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் திறக்க மக்கள் அடிபட்டுப் போராடிக்கொண்டிருந்த அந்நாட்களில், எங்கள் குசினி வாசலைப்பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசவில்லை.

பின்னர் சந்தியில் அரைக்கும் மில் வந்தது.

“அவவை வரவேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்கள் கூப்பிடேல்லை. அவ்வளவுதான்” என்றார் அம்மா.

எங்கள் வீட்டுக்குப் பொறி முதன்முதல் வந்தது குளிர்சாதனப் பெட்டியாகவென்று நான் எண்ணியிருந்தேன். அதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே அது சந்திவரை வந்து, ஒரு பெண்ணின் தோள்நோவைத் தீர்த்து, அவருடைய அரிசியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கின்றது. மில்லைக் குறைகூறுவது மடைமை. இடித்த கைக்கு அடுத்த வேளை என்ன வழியென்று கேட்காதவர்கள் நாங்கள்.

மறுநாள் அவர் சுவரில் புதிய பிளக்கைப் பூட்டிக்கொண்டிருக்கையில் அம்மா கதவருகே வந்து நின்றார்.

“தம்பி, உங்கட அம்மம்மா இருக்கிறாவோ?”

“இல்லையம்மா. தொண்ணூற்றாறிலை வன்னியிலை செத்துப்போனா. மலேரியா. நான் அப்ப கைக்குழந்தை.”

அவர் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அம்மாவுக்கு அந்தச் செய்தி தெரியாது. இரண்டு வீடுகளுக்குமிடையே உள்ள தூரம் ஒரு மைல்கூட இல்லை.

அம்மா உள்ளே சென்று, நாங்கள் பாவிக்கும் கோப்பைகள் மூன்றை எடுத்துத் தேநீர் ஊற்றிக் குசினி மேசையில் வைத்தார். எவரையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கோப்பையை எடுத்தார்.

பிறகு, “கிரைண்டரைப் போட்டுப் பார்க்க ஏதும் தாங்கோ, அம்மா” என்றார். அம்மா வறுத்த செத்தல் மிளகாயைக் கொடுத்தார். அவர் அதனைப் போட்டு மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் போடுங்கோ, சேர். பழகவேணும்தானே.”

சுவிச்சைப் போட்டேன். மூடியை அழுத்திப் பிடிக்கவேண்டுமென்பது எனக்குத் தெரியாது. மூவரும் நெடுநேரம் தும்மினோம்.