பில்லில் ஒரு காலி வரி

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் கிராமத்துப் பெற்றோர், போன முதல் வாரமே ஏதாவது ஓர் உணவகத்தில் திகைத்துப்போவார்கள். சாப்பிட்டது 40 டாலருக்கு. பரிமாறிய பெண் கார்டை வாங்கிப்போய், சீட்டோடு திரும்பி வருகிறார். தொகைக்குக் கீழே ‘டிப்’ என்று ஒரு காலி வரி. மகன் யோசிக்காமல் அதில் 8 டாலர் என்று எழுதுகிறான். நம் பணத்தில் 600 ரூபாய்க்கு மேல்! “நம்ம ஊர்ல பத்து ரூபா வெச்சாலே பெரிசு, இது என்னப்பா அநியாயம்?” என்று அப்பாவுக்கு மனசு ஆறாது.

அநியாயம் இருப்பது வேறு இடத்தில். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, டிப் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். டிப்பையும் சேர்த்து அந்த அளவு வராவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியையும் முதலாளியே தந்தாக வேண்டும். ஆனாலும் அங்கேயும் டிப் வழக்கம் குறையவில்லை. அறுப்புக்கு வந்தவர்களுக்குக் களத்தில் அளந்து போடும் நெல்லை நாம் இனாம் என்றா சொல்கிறோம்? அந்த 8 டாலரும் அப்படித்தான்.

உட்கார வைத்துப் பரிமாறும் இடங்களில் 15 முதல் 20 சதவிகிதம் வைப்பது வழக்கம். ஆறேழு பேராகப் போனால் சில கடைகளில் அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். ‘கிராஜுவிட்டி’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். கவுன்டரில் நாமே வாங்கிக்கொள்ளும் காபிக்கும் இப்போது கார்டு மெஷின் திரை டிப் கேட்கிறது. அங்கே வேண்டாம் என்று தொட்டுவிடலாம், கூச்சமே வேண்டாம்.

ஜப்பானில் கதை தலைகீழ். பில்லில் போட்டிருப்பதுதான் கணக்கு. மேசையில் சில்லறையை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக் கடைக்காரர் தெருவரை ஓடிவந்து கையில் கொடுப்பார். கல்லாவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அது டிப் தட்டு அல்ல. பில் பணத்தை அதில்தான் வைக்க வேண்டும், மீதியும் பெரும்பாலும் அதிலேயே வரும். டாக்சிக்காரரும் மீட்டருக்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. பாரம்பரிய விடுதிகளில் சிலர் உறையில் போட்டுக் கொடுப்பதுண்டு, அதுவும் கட்டாயமில்லை.

சாகுபடி பார்க்கப் போகிறவர்கள், தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் ஜப்பானிய விவசாயியிடம் ரூபாய் நோட்டையோ யென்னையோ நீட்டிவிடாதீர்கள், சங்கடப்படுவார். ஊரிலிருந்து தின்பண்டம் கொண்டுபோய்க் கொடுப்பது அங்கே மரியாதை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பெட்டி போதும். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும்.