மீன் முட்டையும் புகுமுக வகுப்பும்

“ஏம்மா, மீன் முட்டையைப் பார்க்கவா யுனிவர்சிட்டிக்குப் போன?” தொலைபேசியில் அப்பா சிரித்தார். இறுதியாண்டு ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருபது நிமிடம் பேசக்கூடியதைத் தமிழில் இரண்டு சொற்களில் முடித்துவிட்டேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். வெட்கமாக இருந்தது.

அன்றிரவு அப்பாவுக்குச் சொல்வதுபோல் எழுதிப் பார்த்தேன்.

வரிக்குதிரை மீன் விரல் நீளம்கூட இராது. காலையில் விளக்கு எரிந்ததும் முட்டையிடும். முட்டை கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். 28.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கருவுற்ற ஐந்தேகால் மணி நேரத்தில், உயிரணுக்கள் மஞ்சள் கருவைத் தொப்பிபோல் பாதிவரை மூடிவிடும். அப்போது மூன்று படலங்கள் உருவாகத் தொடங்கும். புறப்படலம் மேல்தோலும் மூளையும் ஆகும். இடைப்படலம் தசையும் இரத்தமும் ஆகும். அகப்படலம் குடலும் ஈரலும் ஆகும்.

எந்த அணு எதுவாகும்? மஞ்சள் கருவை ஒட்டிய விளிம்பிலிருந்து ‘நோடல்’ என்னும் புரதம் செய்தி அனுப்புகிறது. அதை அதிகமாகவும் நெடுநேரமும் பெறும் அணுக்கள் அகப்படலமாகின்றன. சற்றுக் குறைவாகப் பெறுபவை இடைப்படலம். செய்தி எட்டாதவை புறப்படலம். ‘லெஃப்டி’ என்ற மற்றொரு புரதம் நோடலை எல்லை மீறாமல் தடுக்கிறது. இரண்டு நோடல் மரபணுக்கள் பழுதான கருக்களில் அகப்படலமே உருவாகவில்லை என்று 1998-இல் கண்டறிந்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது, ராபர்ட் ஹோவும் சார்ல்ஸ் கிம்மலும் 1993-இல் வெளியிட்ட சோதனை. ஓர் அணுவை எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். படலங்கள் உருவாகும் தொடக்கத்தில் மாற்றினால், அது புது இடத்துக்கேற்ப மாறியது. பாதி வழியில் மாற்றினால், பழைய வழியிலேயே போனது.

தமிழ்ப்பள்ளி முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் போய் உட்கார்ந்த நாள் நினைவுக்கு வந்தது. மலாய்மொழியில் பின்தங்கியதால் ஓராண்டு தாமதம். “இவர்கள் இவ்வளவுதான்” என்று ஓர் ஆசிரியர் எங்கள் காதுபடச் சொன்னார். பக்கத்தில் இருந்த தோழி அதை நம்பினாள்; மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டாள். நானும்தான் நம்பினேன். ஆனால், தொழிற்சாலையிலிருந்து களைத்து வரும் அப்பா, தினமும் என்னை மலாய் நாளிதழைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். பிழை திருத்த அவருக்குத் தெரியாது; உட்கார்ந்து கேட்கத் தெரியும்.

மறுநாள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல் இறுதிவரை கேட்டார்.

“அப்போ, பக்கத்துல யாரு இருக்காங்கங்கிறதுதான் கணக்கு, இல்லையாம்மா?”

“ஆமாம்ப்பா.”

அணுவுக்குக் காலக்கெடு உண்டு. மனிதருக்கும் அப்படித்தான் என்று எந்தச் சோதனையும் எனக்குச் சொல்லவில்லை. தோழியின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் அழைக்கப் போகிறேன்.