வம்சாவளி

வம்சாவளி என்ற சொல்லை நாம் முதன்முதலிற் கேட்டது பேராதனையின் விரிவுரை மண்டபத்திலன்று. பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலே, லயத்து இஸ்தோப்பில், எமது அப்பாயியின் வாயிலிருந்தே கேட்டோம். “ஒங்க தாத்தா வம்சாவழியில கேட்டாரு, குடுக்கல, பதிவுலதான் குடுத்தாங்க” என்பார். கடைக்குப் போய் ஒரு சாமானைக் கேட்டு, அது இல்லையென்று வேறொன்றை வாங்கிவந்த கதையைச் சொல்வது போலிருக்கும் அவர் சொல்லும் விதம்.

பின்னர் பல்கலைக்கழகத்திலே சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்தோம். யாழ்ப்பாண வைபவமாலையைப் படித்தோம். இன்னான் மகன், இன்னான் பேரன் என நீளும் பட்டியல்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த எமக்கு, எம் பாட்டனின் பாட்டன் பெயர் தெரியாதென்பது அக்காலத்தில் உறுத்தியதே இல்லை. நிலமும் உறுதியும் கோயிலில் முதல் மரியாதையும் உடையவர்களுக்கல்லவா வம்சாவளி!

எமது மக்களிடம் அதைக் கேட்டது அரசாங்கம். இம்மண்ணிற் பிறந்தது மட்டும் போதாது, தந்தை இங்கு பிறந்தவரென்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களென்றோ காட்டு என்றது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத்திற் பிறந்த பிள்ளைக்குப் பேர் பதிந்தார்களோ, பதிந்த பேரையேனும் ஒழுங்காக எழுதினார்களோ என்பதே சந்தேகமாயிருந்த நாட்களில், பூட்டனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவது? மலையகத்தின் பெரும்பகுதி மக்கள் நாடற்றவராயினர். பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்றார்கள். பேசி, 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எமக்கு நினைவில் வருவன இரண்டு பேர்தாம்: எமது அப்பாயியும் அவருடைய அக்காளும்.

தாய் கொழுந்துக்குப் போய்விட, ஒன்பது வயது மூத்த அக்காளின் இடுப்பில் வளர்ந்தவர் அப்பாயி. மணமாகி இருவரும் அடுத்தடுத்த லயங்களிலே வாழ்ந்தனர். கணவன்மார் ஒரே மலையிற் கவ்வாத்து வெட்டினர். 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டபோது தாத்தா இலங்கைக்கு எழுதினார். சகலர் இந்தியாவுக்கு எழுதினார். ஏன் இப்படிப் பிரிந்தார்கள் என்று பலமுறை கேட்டுள்ளோம். “ஆம்பளைங்க பேசிக்கிட்டாங்க. எங்களக் கேட்டா எழுதினாங்க?” என்பதற்கு மேல் அப்பாயி சொன்னதில்லை. எழுதிய பின்னரும் சகலர் போகத் தயங்கினாராம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியுங் கிட்டாமல் தோட்டங்களிலே மக்கள் பட்டினியால் மாண்டனர். அவரைப் போலத் தயங்கி நின்ற பலரைப் பசியே பிடித்துக் கோச்சியில் ஏற்றியது.

ஒப்பாரிக் கோச்சி என்று எமது மக்கள் பெயரிட்டார்களே, அந்தப் புகைவண்டிதான். 1974ஆம் ஆண்டிலொரு நாள், தலைமன்னாருக்குப் புறப்பட்டவர்களை வழியனுப்ப இரண்டு லயத்துச் சனங்களும் நிலையத்தில் நின்றனர். அப்பாயிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பெட்டிகளோடு கட்டியிருந்த படங்கை, கொழுந்தெடுக்கும்போது இடுப்பிற் சுற்றும் அந்த முரட்டுச் சாக்குத் துண்டை, அக்காள் உருவித் தங்கையின் கையிற் கொடுத்தாராம். “ஊருக்குப் போறேன், அங்க எனக்கு இது எதுக்குடி?”

கடிதங்கள் வந்தன. மண்டபம் முகாமிலிருந்து ஒன்று. முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சில. அதன்பின் கோத்தகிரியிலிருந்து ஆண்டுக்கொன்று. 1983 யூலையில் லயத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது எமது குடும்பம் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தது. தாத்தா ஒரேயொரு பொருளைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினார். பிரஜாவுரிமைக் கடதாசிகள் அடங்கிய கோவை அது. கடிதங்கள் இருந்த தகரப்பெட்டி எரிந்துபோயிற்று. முகவரி அதிலேதான் இருந்தது. அவரைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. மனிதனைவிடக் கடதாசிக்கு மதிப்பு அதிகம் என்பதை அவருக்குப் படிப்பித்தவர்கள் வேறு யாரோ.

தாத்தா 2011இற் காலமானார். அவருடைய கோவை எமது கைக்கு வந்தது. அதிலிருந்த சத்தியக் கடதாசியை ஒரு விடுமுறையில் விரித்துப் படித்தபோது எமக்குண்டான கிளர்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. தட்டச்சில் மங்கிப்போன எழுத்துக்களிலே, தாத்தாவின் தகப்பன், அவருடைய தகப்பன், அவருக்கும் முந்திய ஒருவர், அவர் முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணியொருவரோடு வந்த விபரம், எல்லாம் வரிசையாக இருந்தன. எம்மை வெளியேற்றுவதற்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கு எழுதிய விடைதான் எமக்கென்று எஞ்சிய ஒரே குலவரலாறு! கொப்பியொன்றை எடுத்து, மரம்போற் கிளை வரைந்து, பெயர்களை நிரப்பி, பெருமையோடு அப்பாயிக்கு வாசித்துக் காட்டினோம். அவருக்கு எழுத்துத் தெரியாது.

கேட்டு முடித்துவிட்டு, “இதுல நான் எங்க இருக்கேன்?” என்றார்.

‘மனைவி’ என்றொரு வரியில் இருந்தார். விண்ணப்பமும் அப்படித்தான் சொன்னது.

“எங்கம்மா?”

இல்லை.

“எங்கக்கா?”

கொப்பியை மூடினோம். அரசாங்கம் ஆண்வழியைத்தான் கேட்டது. தாத்தா அதைத்தான் எழுதினார். தமிழிற் பட்டம் பெற்ற நாமும் அதையே பிரதிபண்ணினோம். அன்றுதான் நாம் ஊரைத் தேடும் வேலையை ஒருபுறம் வைத்துவிட்டு ஆளைத் தேடத் தொடங்கினோம்.

வழி கிடைத்தது எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் மூலம். அவனுடைய மாமன் குடும்பம் கோத்தகிரியில் இருந்தது. அப்பாயியைத் தொலைபேசிக்கு முன் இருத்தி, குரலைப் பதிவுசெய்து அனுப்பினோம். பெயரை மட்டும் சொன்னாற் போதாதா என்று நாம் நினைத்தோம். அவரோ, பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, பழைய தோட்டத்தின் பெயர், லயத்தின் பின்னாலிருந்த பீலி, காமன்கூத்திலே சகலர் ரதி வேடங்கட்டியது, அக்காளின் இடக்கையிற் கஞ்சி கொட்டிய தழும்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். பத்தொன்பதாம் நாள் மறுகுரல் வந்தது. “சின்னம்மா, அது எங்கம்மா கைதான். நான் பெரியவ பேசுறேன்.”

அக்காள் 2009இல் இறந்துவிட்டார். அப்பாயி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு எழுந்து போய், அடுப்பை மூட்டி, தண்ணீர் வைத்தார். அன்று முழுதும் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையிற் சொன்னார்: “போவணும்.”

கடவுச்சீட்டுக்கு அலைந்த கதையை விரித்தெழுத விருப்பமில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். இருவரும் ஒருவரே என்று மீண்டுமொரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. “இன்னும் முடியலையா இவங்க கேக்கிறது?” என்றார் அப்பாயி. எட்டு மாதங்கள் கழித்துத் திருச்சிக்கு விமானமேறினோம். அங்கிருந்து மேட்டுப்பாளையம், அதன்பின் மலைப்பாதை. பஸ் யன்னலின் வெளியே தேயிலை தென்படத் தொடங்கியதும் அப்பாயி எம் கையைப் பிடித்து, “திரும்பி வந்துட்டமா?” என்றார்.

அத்தையின் வீடு ஒரு லயம்போலத்தான் இருந்தது. சின்னம்மாவைக் கண்டதும் அத்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. சற்று நின்று பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் அழுதார். பன்னிரண்டு வயதிற் பிரிந்த பெண், அறுபதைக் கடந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்த கையோடு நின்றார். இருவரும் தத்தம் விரல்களை நீட்டி, காம்பு வெட்டிய தழும்புகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது எமக்கு அங்கே வேலையிருக்கவில்லை. இந்தியாவுக்குத் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டரசு 1968 முதல் நீலகிரியிலே தேயிலை நட்டது. பெரிய அப்பாயி அங்கே மீண்டும் படங்கு கட்டினார். தங்கைக்குக் கொடுத்துவிட்டு வந்ததைப் பற்றி அடிக்கடி சொல்லிச் சிரிப்பாராம்.

அன்றிரவு நாம் முசிறிப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தோம். ஒரே கங்காணி ஒரே சுற்றுவட்டாரத்தில் ஆள் கட்டியதால் தாத்தாவுக்கும் சகலருக்கும் அப்பாயியின் தகப்பனாருக்கும் ஊர் ஒன்றே. பூர்வீக மண்ணை அப்பாயியின் காலில் மிதிக்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது எமது திட்டமாயிருந்தது.

“நாங்க போனமே, தம்பி” என்றார் அத்தை.

மண்டபத்தில் இறங்கியதும் அங்கேதான் போனார்கள். பெட்டிகளைத் தலையிற் சுமந்து ஊருக்குள் நுழைந்தவர்களிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. எந்தத் தெரு என்றார்கள். தெருவைச் சொன்னதும் ஊருக்கு வெளியே கை காட்டினார்கள். தாது வருடப் பஞ்சத்தில் எந்தச் சேரியை விட்டு முன்னோர் வெளியேறியிருந்தனரோ, அந்தச் சேரி நூறாண்டுகள் கழித்தும் அதே இடத்தில் இருந்தது. சிறுதொழிற் கடன் கிடைத்தது. சகலர் அதைக்கொண்டு ஒரு தேநீர்க்கடை போட்டார். தேயிலையை அறிந்தவர், நல்ல தேநீர் போட்டிருப்பார். ஊர்த்தெருக்காரர் ஒருவரும் அவர் கையால் வாங்கிக் குடிக்கவில்லை. சேரிச் சனத்திடம் வாங்கிக் குடிக்கக் காசில்லை. மூன்று மாதங்களிற் கடை மூடிற்று, கடன் நின்றது. “சிலோன்காரக் குடும்பம்” என்ற பெயரோடு மலையேறினார்கள்.

இலங்கையிலே இந்தியாக்காரர்; இந்தியாவிலே சிலோன்காரர். இதை நாம் மேடைகளிலே பலமுறை பேசியிருக்கிறோம், கைதட்டும் பெற்றிருக்கிறோம். விலைபோகாத அந்தத் தேநீரைப் பற்றி ஒன்றும் அறியாமலே பேசினோம். குலப்பெருமை பேசுவோரை ஏளனஞ் செய்து வளர்ந்த நாமே, சத்தியக் கடதாசியில் ஓர் ஊரின் பெயரைக் கண்டதும் மயங்கிப்போனது எவ்வாறு என்று அன்றிரவு எம்மை நாமே கேட்டுக்கொண்டோம்.

“அங்க யாரப் போய்ப் பாக்குறது?” என்றார் அப்பாயி. “நீ போறதுன்னாப் போயிட்டு வா, ராசா. நான் இவகூட இருக்கேன்.” நாமும் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ என்ற ஐயம் இன்னும் உண்டு. அத்தெருவில் இன்றும் எம்மவர் சிலர் இருக்கக் கூடும். அவர்களைத் தேடாமல் விட்டது பெருமைக்குரிய காரியமன்று.

புறப்படுவதற்கு முந்திய மாலை கொப்பியை மீண்டும் எடுத்தோம். புதிய பக்கத்தில் அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினோம். தம் தாயின் பெயரைச் சொன்னார். தாயின் தாய்க்கு என்ன பெயரென்று அவருக்குத் தெரியவில்லை. அக்காள் அறிந்திருந்து, மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். கைக்குழந்தையோடு வந்து, அக்குழந்தையை வழியிலே பறிகொடுத்து, பிறகு மலையில் மூன்று பிள்ளைகளைப் பெற்றவராம் அந்தப் பெண். அத்தை அப்பெயரைச் சொன்னபோது அப்பாயி இரண்டு முறை அதைத் தாமே சொல்லிப் பார்த்தார். அதை இங்கே அச்சிடுவதற்கு அவர் இணங்கவில்லை. செத்தவர்கள் பெயரைக் கடதாசியிற் கொடுத்தது போதும் என்றார்.

எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னார். வாசித்தோம்.

“அக்கா பேரு எனக்குக் கீழயா இருக்கு?”

நினைவுக்கு வந்த ஒழுங்கில் எழுதியிருந்தோம். அதைச் சொன்னோம்.

“அவ மூத்தவ. மேல போடு.”

மேலே இடமிருக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறொரு பக்கத்தைத் திருப்பினோம்.