தெற்கு வானம் தேடி – 5: மணிக்கு எத்தனை?

நியூசிலாந்தின் தென்தீவில் டெகாப்போ ஏரிக்கரை ஊருக்குள் நுழைந்ததும் நான் முதலில் கவனித்தது தெருவிளக்குகளைத்தான். மேல்பக்கம் முழுக்க மூடி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் குன்றில் மவுண்ட் ஜான் ஆய்வகம் 1965 முதல் இயங்குகிறது. அதன் வானத்தைக் காக்க 1980களின் தொடக்கத்திலேயே விளக்குகளுக்கு விதி போட்டார்கள். 2012-ல் இந்த வட்டாரம் சர்வதேச இருள்வானக் காப்பகமானது. மே முதல் வாரத்தில் ஈட்டா அக்வாரிட்ஸ் விண்கல் மழை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கையோடு ஓர் எண்ணைக் கொண்டுவருகிறார்கள்: மணிக்கு 50. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது கண்ணால் எண்ணியதும் இல்லை, கணக்கிட்டு எடுத்தது. எத்தனை பார்த்தோம் என்பதோடு எந்த வானத்தில் பார்த்தோம் என்பதையும் குறிக்காவிட்டால், எண்ணிக்கையால் யாருக்கும் பயனில்லை.

ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்த தூசியைப் பூமி கடக்கும்போது, நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் துகள்கள் காற்றில் மோதி எரிகின்றன. இவை கும்ப ராசியில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவதாகத் தோன்றும். அந்தப் புள்ளி விடிவதற்குச் சில மணி நேரம் முன்புதான் கிழக்கே எழும். லண்டனில் அது எழுவதற்கும் வானம் வெளுக்கத் தொடங்குவதற்கும் ஏறக்குறைய இடைவெளியே இல்லை. டெகாப்போவில் இது இலையுதிர்காலம், இரவு நீளம். புள்ளி இரண்டு மணிக்குச் சற்றுப் பின் எழுந்து, ஆறு மணிவாக்கில் வெளுக்கும்போது 37 பாகை உயரத்தில் நிற்கும். கன்னியாகுமரியில் வெளுக்கும் நேரத்து உயரம் 40 பாகையைத் தாண்டும். ஆனால் புள்ளி எழுந்த பின் மிஞ்சும் இருட்டு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஆக, தெற்கே வந்தால்தான் பார்க்கலாம் என்பது மிகை. கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரமும், விளக்கு தீண்டாத இருளும்தான்.

அந்த இருளின் விலை கணக்கில் தெரியும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 20 விண்கற்களை எண்ணினார் என்று வைத்துக்கொள்வோம். புள்ளி சராசரியாக 30 பாகை உயரத்தில் இருந்தால், அதே பொழிவில் பாதிதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது; தலைக்கு மேல் இருந்திருந்தால் 40. மங்கலான வானமென்றால் இன்னொரு திருத்தமும் சேரும். கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனின் ஒளித்தரம் 6.5 ஆக இல்லாமல் 5.5 ஆக இருந்தால், இந்தப் பொழிவுக்கு 2.4 ஆல் பெருக்க வேண்டும். 40 என்பது 96 ஆகிவிடும். எண்ணியது அதே 20தான்! அதனால்தான் பழகியவர்கள் நடுநடுவே விண்கல்லை விட்டுவிட்டு விண்மீன்களை எண்ணுகிறார்கள். மூன்று நான்கு விண்மீன்களால் எல்லை கட்டிய ஒரு பகுதிக்குள் எத்தனை தெரிகின்றன என்று சிவப்பு விளக்கில் தாளில் குறித்துக்கொள்வார்கள். அதிலிருந்து வானத்தின் தரம் கிடைக்கும். எந்தப் பதிவையும் படிக்கும்போது இந்தத் தாளைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இப்படிப் பெருக்கினால் பிழையும் பெருகாதா? பெருகும். 25 எண்ணியவருக்குத் தற்செயலால் வரும் பிழையே 5 அளவு, அதாவது 20 விழுக்காடு. புள்ளி 10 பாகை உயரத்தில் இருக்கும்போது எண்ணினால் திருத்தம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அப்படிப்பட்ட பதிவை ஒதுக்கிவிடுவதே நேர்மை. ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பதும் சரிதான். அதற்கு மருந்து பலருடைய பதிவுகளைச் சேர்ப்பது.

ரேடாரும் கேமராவும் வந்த பிறகு கண் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. ரேடார் கண்ணுக்கே தெரியாத சிறு துகள்களைப் பிடிக்கிறது. கேமராக்கள் சுற்றுப்பாதையைத் தருகின்றன. இரண்டும் அரியவை. ஆனால் பழைய பதிவுகள் கண்ணால் எண்ணியவை; பொழிவு கூடுகிறதா, குறைகிறதா என்று ஒப்பிட அதே அளவுகோல் தொடர வேண்டும். 1956 டிசம்பர் 5 அன்று ஜப்பானின் முதல் அண்டார்டிகா குழுவை ஏற்றிச் சென்ற ‘சோயா’ கப்பலிலிருந்தவர்கள் இந்தியப் பெருங்கடலில் எதிர்பாராத ஒரு பெரும்பொழிவைக் கண்டு பதிந்தார்கள். பீனிசிட்ஸ் என்று பெயர் பெற்ற அது, 1819-ல் தோன்றித் தொலைந்த பிளான்பெய்ன் வால்நட்சத்திரத்தின் தூசி. அந்தப் பாதையிலேயே 2003-ல் ஒரு சிறு பொருள் அகப்பட்டபோது, தூசியின் ஓட்டத்தைக் கணக்கிட்டவர்கள் தங்கள் விடையைச் சரிபார்க்க 1956-ன் பதிவுகள்தான் கைகொடுத்தன.

ஈட்டா அக்வாரிட்ஸை எண்ண இன்று ஆட்கள் குறைவுதான். ஓர் ஊரில் மூன்று மணி நேரம் போலத்தான் எண்ண முடியும் என்பதால், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று ஊர் மாற்றி ஊர் தொடர வேண்டும். பெர்த்தில் வானம் வெளுத்த பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் புள்ளி எழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடுவே இந்தியப் பெருங்கடல். அந்த இடைவெளியின் பெரும்பகுதியில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் மேலே வானம் இருட்டாகவும் புள்ளி போதிய உயரத்திலும் இருக்கிறது. அங்கிருந்து, வானத்தின் தரத்தையும் நேரத்தையும் குறித்து ஒருவர் அனுப்பும் ஒரே ஒரு மணி நேரப் பதிவுக்கு, டெகாப்போவில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பதிவுகளோடு இன்னொன்று சேர்வதைவிட மதிப்பு அதிகம்.